சுத்துதா, புடிக்குதா?

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடியும். 61 நாள். விசைப்படகுகள் நிற்கும்போது அவற்றை நம்பிப் பிழைக்கிற வண்டிகளும் சேர்ந்தே நிற்கும். என் மாமாவின் பிக்கப்பும் கல்மண்டபம் பக்கம் ஒரு சந்தில் இரண்டு மாதம் அப்படித்தான் நின்றது. 20 வருடத்துக்கு மேல் ஓடிய டீசல் வண்டி. மீன் பெட்டியும் ஐஸும் தவிர அது வேறு லோடு பார்த்ததில்லை. தடை முடிய ஒரு நாள் இருக்கும்போது, படகுகளுக்கு ஐஸ் ஏற்ற வேண்டும் என்று மாமா சாவியைத் திருப்பினார். 'டொக்' என்று ஒரு சத்தம். அப்புறம் 'ஊ...ம், ஊ...ம்' என்று ஒரு முனகல். அவ்வளவுதான்.

"பேட்டரி புச்சுடா கண்ணு. போன வாரம்தான் போட்டேன். ஹாரன் அடிக்குது, லைட்டு எரியுது. இதுக்கு இன்னா கேடு?"

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்தான்: சுத்துதா? புடிக்குதா? எஞ்சினைச் சுற்றிவிடுவது பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும். சுற்றிய எஞ்சினில் தீப்பிடிக்க வைப்பது காற்றும் டீசலும். இவை இரண்டும் தனித்தனிக் குடும்பங்கள். எந்தக் குடும்பத்தில் பிரச்சினை என்று தெரியாமல் ஸ்பேனரை எடுத்தால், காசும் நேரமும் போகும். மாமாவின் வண்டி சரியாகச் சுற்றவே இல்லை. அதனால் முதல் குடும்பத்தில் ஆரம்பித்தேன்.

மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தேன். 12.6 வோல்ட் காட்டியது. உள்ளே 6 செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், ஆக முழு சார்ஜ். இதைப் பார்த்துவிட்டு 'பேட்டரி நல்லா இருக்கு, அப்போ செல்ஃப் மோட்டார்தான் போச்சு' என்று மோட்டாரைக் கழற்றுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சும்மா இருக்கும்போது அளந்த வோல்ட் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

தெருவுக்குத் தண்ணி லாரி வருகிறது. ஹோஸின் வாயை மூடிவிட்டு, நடுவில் ஒருவர் காலை வைத்து மிதித்துக்கொண்டு நிற்கட்டும். தண்ணீர் ஓடாத வரைக்கும் மிதிபட்ட இடத்துக்கு முன்னாலும் பின்னாலும் அழுத்தம் ஒன்றுதான். வாயைத் திறந்து குடத்தில் விட்டால்தான் குட்டு உடையும், நூல் மாதிரி வரும். மின்சாரமும் அப்படித்தான். தடை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும்.

செல்ஃப் மோட்டார் வழியாக ஓடும் கரண்ட் கொஞ்சநஞ்சமல்ல. டீசல் எஞ்சினைச் சுற்ற 200, 300 ஆம்பியர் போகும். ஹெட்லைட் பல்பு ஒன்றுக்கு 5 ஆம்பியர்கூட வேண்டாம். வழியில் ஒரு இடத்தில் 0.02 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் போகும்போது அங்கே வீணாவது 0.1 வோல்ட், பல்புக்கு அது தெரியவே தெரியாது. அதே இடத்தில் 200 ஆம்பியர் போனால் 4 வோல்ட் காணாமல் போய்விடும். கரண்டைத் தடையால் பெருக்கினால் வீணாகும் வோல்ட் வரும். ஜார்ஜ் ஓம் என்ற விஞ்ஞானி 1827-ல் எழுதி வைத்த விதி இதுதான். லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது என்பதெல்லாம் செல்ஃப் மோட்டாருக்கு வழி சுத்தமாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, மாமாவைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஐந்து விநாடிதான், நடுவில் மோட்டார் ஆற நேரம் விட வேண்டும். பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே 10.9 வோல்ட். சுற்றும்போது 10-க்கு மேல் நிற்கிறது என்றால் பேட்டரி மேல் குற்றமில்லை. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரைக்கும் வழியில் வீணாவது 0.4. அதுவும் சரி. மோட்டாரின் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 6.6 வோல்ட்தான். பாவம், அது முனகாமல் என்ன செய்யும்? கடைசியாக, எஞ்சின் பிளாக்கில் ஒரு முனை, பேட்டரி மைனஸில் ஒரு முனை. அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 3.9.

கூட்டிப் பாருங்கள்: 0.4, 6.6, 3.9. மொத்தம் 10.9. ஒரு வோல்ட்கூட எங்கேயும் ஓடிப்போகவில்லை. கணக்கு இப்படி நேராக வந்து உட்காரும்போது எனக்கு வரும் சந்தோஷம், வண்டி ஸ்டார்ட் ஆகும்போது வருவதைவிடப் பெரியது.

எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் (வண்டியின் இரும்புச் சட்டம்) நடுவில் ரப்பர் மவுண்டிங் இருக்கும். அதிர்வு கேபினுக்கு வராமல் அது தடுக்கிறது, ஆனால் கரண்டையும் தடுத்துவிடும். அதனால் எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் பின்னல் மாதிரி ஒரு செம்பு எர்த் பட்டை போட்டிருப்பார்கள். இந்த வண்டியில் பேட்டரி மைனஸ் சேசிஸில்தான் பிடித்திருந்தது. மோட்டாரிலிருந்து திரும்புகிற அத்தனை கரண்டும் அந்தப் பட்டை வழியாகத்தான் வர வேண்டும். லைட்டுக்கும் ஹாரனுக்கும் சேசிஸிலேயே எர்த் இருப்பதால் இந்தப் பட்டையைப் பற்றி அவற்றுக்குக் கவலையே இல்லை.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பட்டையின் முனை பச்சை பூத்திருந்தது. போல்ட்டைக் கழற்றினால், அடியில் சேசிஸ் இரும்பு ஏடு ஏடாகத் துருவாக உரிந்து வந்தது. செம்பும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அங்கே ஒரு குட்டி பேட்டரி உருவாகிவிடும். யாரும் கேட்காத பேட்டரி. அதில் கரைவது இரும்பு. மீன் பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீரும் கடற்காற்றும் வருடக்கணக்காக அதற்குத் தீனி போட்டிருக்கின்றன. துரு கரண்டை ஒழுங்காகக் கடத்தாது. 3.9 வோல்ட், 200 ஆம்பியர் என்று கணக்குப் போட்டால் 780 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியின் சூடு அந்த ஒரு போல்ட்டில்! தொட்டுப் பார்த்த மாமா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஆக்சிலரேட்டர் கேபிளின் உறையும் இளஞ்சூடாக இருந்தது. சரியான வழி அடைபட்டால் கரண்ட் கிடைத்த கம்பியில் புகுந்து வீடு திரும்பப் பார்க்கும். கேபிள் காரணமில்லாமல் சுடுகிறது என்றால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள்.

உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, புதுப் பட்டை முடுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். சாவியைத் திருப்பினால் எஞ்சின் கடகடவென்று சுற்றியது.

ஆனால் புடிக்கவில்லை.

இதற்கு முதல் நாளே ஒரு துப்பு கிடைத்திருந்தது, நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு பையன்கள் வண்டியைத் தள்ளி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டும் எஞ்சின் புடிக்கவில்லை என்று மாமா சொல்லியிருந்தார். தள்ளும்போது எஞ்சினைச் சுற்றுவது சக்கரம். செல்ஃப் மோட்டாருக்கு அங்கே வேலையே இல்லை. அப்படியும் புடிக்கவில்லை என்றால் இரண்டாவது குடும்பத்தையும் விசாரித்திருக்க வேண்டும்.

டீசல் எஞ்சினில் பிளக் தீப்பொறி கிடையாது. காற்றைச் சுமார் 18-ல் ஒரு பங்காக நெருக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அதில் டீசலைப் பனி மாதிரி பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். மெதுவாகச் சுற்றினால் காற்று பிஸ்டன் ரிங் வழியாகக் கசியும், சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடும். அதனால்தான் டீசல் வண்டி சுற்றினால் மட்டும் போதாது, வேகமாகச் சுற்ற வேண்டும். எங்களுக்கு இப்போது வேகம் இருந்தது. வராதது டீசல். புகைக்குழாயில் துளி புகை இல்லை என்பதே அதற்கு அடையாளம்.

இரண்டு மாதம் நின்றதில் எங்கோ ஒரு வாஷர் வழியாகக் காற்று புகுந்து, லைனில் இருந்த டீசல் டேங்க்குக்கே இறங்கிவிட்டது. ஏர் லாக். டீசலை எளிதில் நெருக்க முடியாது. அதனால்தான் பம்ப் ஒரு தள்ளு தள்ளினால் அழுத்தம் 200 பார் அளவுக்கு ஏறி, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்கிறது. நடுவில் காற்றுக்குமிழி இருந்தால் பம்ப்பின் தள்ளெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். ஃபில்டர் மேல் இருக்கும் திருகைத் தளர்த்திவிட்டு ஹேண்ட் பிரைமரை, அதாவது டீசலைக் கையால் ஏற்றும் குட்டி பம்ப்பை, அமுக்கினேன். முதலில் நுரை வந்தது, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. முப்பது நாற்பது அமுக்கலுக்குப் பிறகுதான் குமிழி இல்லாத டீசல் வந்தது. திருகை மூடினேன். அப்புறம் இன்ஜெக்டர் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, சுற்றவிட்டு, டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கினோம். அந்த இடத்துக்குக் கையைக் கொண்டுபோகவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அப்படி ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

அடுத்த முறை சாவியைத் திருப்பியதும் ஒரு சிலிண்டர் மட்டும் புடித்தது, வண்டி குலுங்கியது, பிறகு மற்றவையும் சேர்ந்துகொண்டன. சந்து முழுக்க வெள்ளைப் புகை. சிலிண்டர் இன்னும் சூடாகாததால் எரியாமல் ஆவியாக வெளியேறும் டீசல் அது. ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. எஞ்சினை நிறுத்தி இன்னொரு முறை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். 0.2 வோல்ட். மாமா அதைப் பார்க்கக்கூட நிற்காமல், ஐஸ் ஏற்ற வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.