கோட்டை ஏன் கறுத்துப்போனது?

என்னிடம் வாட்டர்கலர் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப்பேர் ஊர்சுற்றிகள். சனி ஞாயிறு எங்காவது போய்விட்டு, அடுத்த வகுப்பில் போனை நீட்டுவார்கள். "சார், இந்த போட்டோவ பெயின்டிங் பண்ணணும்." அப்படி ஒரு மாணவி தரங்கம்பாடி போய் வந்தார். பிற்பகலில் கடற்கரையில் நின்று டான்ஸ்போர்க் கோட்டையை எடுத்திருந்தார். இரண்டு வாரம் உட்கார்ந்து பெரிய தாளில் வரைந்தார். கோடுகளில் குறை சொல்ல முடியாது. ஆனால் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய அந்த மஞ்சள் கோட்டை, அவர் தாளில் தீப்பிடித்து அணைந்த வீடு மாதிரி நின்றது.

தப்பு அவர் கையில் இல்லை, போனில். கோட்டைக்குக் கிழக்கே கடல். மதியம் தாண்டினால் வெயில் பின்பக்கம் போய்விடும், கடலோரச் சுவர் நிழலுக்குள் வந்துவிடும். ஆனாலும் அது கறுப்பு நிழல் இல்லை. வெயில் காயும் மணலிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் சுவரின் அடியில் சந்தனம் பூசியது போல ஏறியிருக்கும். மேலே போகப் போக வானத்தின் நீலம் கலந்து சாம்பல் ஊதாவாகும். நேரில் நிற்கும் கண்ணுக்கு இது தெரியும். கேமரா வானத்தைக் காப்பாற்றப் போனால் சுவர் கறுக்கும், சுவரைக் காப்பாற்றப் போனால் வானம் வெளுக்கும். புது போன்கள் இரண்டையும் கலந்து சமாதானம் செய்துவைக்கின்றன; அதில் நிழலே செத்துவிடுகிறது. போதாததற்கு அந்த லென்ஸ் அகலக் கோணம். கண்ணுக்கு ஓங்கி நின்ற கோட்டை தீப்பெட்டியாகச் சுருங்கும், காலடி மணல் பாதிப் படத்தைத் தின்றுவிடும்.

அதே இடத்தில் நான் வரைந்த ஒரு பக்கம் இருக்கிறது. பார்த்தால் சிரிப்பீர்கள். ஏ5 நோட்டு, பத்துப் பன்னிரண்டு நிமிட வேலை. மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம். அதற்குள் மூன்றே டோன், அதாவது வெளிச்சத்திலிருந்து இருட்டுவரை மூன்று படி. வானமும் மணலும் வெள்ளை, சுவர் நடுத்தரம், படகும் ஆளும் அடர்த்தி. அதற்குக் கீழே கிறுக்கியிருப்பது இது: "3.40. வெயில் கோட்டைக்குப் பின்னால். சுவர் மேலே சாம்பல் ஊதா, கீழே சந்தனம். ஐஸ் வண்டிக் குடை சிவப்பு, வேறெங்கும் சிவப்பு கிடையாது. கடல் வானத்தைவிட ஒரு படி அடர்த்தி. நாய் வேண்டாம்."

"நாய் வேண்டாம்" என்று எழுதிய இடத்தில்தான் ஓவியம் ஆரம்பித்தது என்பேன். எதை விடுவது என்ற முடிவை அங்கேயே எடுத்துவிட்டேன். வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து போட்டோவைப் பார்க்கும்போது நாயும் இருக்கும், விளக்குக் கம்பமும் இருக்கும், எதை விடவும் மனசு வராது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1832இல் பிரெஞ்சுத் தூதுக்குழுவோடு மொராக்கோ போன ஓவியர் டெலக்ரோவா, நோட்டுகளில் அவசரக் கோடுகளுக்குப் பக்கத்திலேயே நிறங்களைச் சொற்களாக எழுதிவைத்தார். ஒரே ஒரு பயணம். 1863இல் சாகும்வரை அந்த நோட்டுகளிலிருந்து ஓவியம் வந்துகொண்டே இருந்தது.

நோட்டிலிருந்து கேன்வாஸுக்கு ஏற்றும்போது பலர் சறுக்குவது அளவில். ஏ5 பக்கத்தை 20 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினால் உயரம் 14 அங்குலம்தான் வரும். கடையில் கிடைப்பதோ 16க்கு 20. மிச்சம் 2 அங்குலத்தை நிரப்ப வானத்தை ரப்பர் மாதிரி இழுப்பார்கள், படம் தொளதொளத்துவிடும். கேன்வாஸ் அளவு முன்பே தெரியுமென்றால், அதே விகிதத்தில் நோட்டில் சட்டம் போட்டுக்கொண்டு அதற்குள் வரையுங்கள். பிறகு கட்டம் பிரித்து ஏற்றுவது சுலபம்.

பேனா விஷயத்தில் நான் சூடு பட்டவன். கும்பகோணத்தில் ஒரு காலை முழுக்க மகாமகக் குளப் படிக்கட்டுகளைச் சாதாரண இங்க் பேனாவில் வரைந்தேன். அறைக்கு வந்து ஒரு வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய நிறப் பூச்சு) கொடுத்ததும் பதினாறு மண்டபமும் நீலத்தில் கரைந்து குளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டன. தண்ணீர் படப்போகிறது என்றால் வாட்டர்ப்ரூஃப் பிக்மென்ட் பேனா, இல்லையேல் பேசாமல் பென்சில்.

காசு வாங்கி வரைகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒருவர் தன் ஊர்த் தாமரைக்குளத்தை வரைந்து தரச்சொல்லி வாங்கிப் போனார். ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார். இரண்டே வருடத்தில் தாமரையெல்லாம் அல்லி மாதிரி வெளுத்துவிட்டது. நான் போட்டிருந்தது அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு. டியூபின் பின்னால் பொடி எழுத்தில் பி.ஆர். 83 என்று நிறமிக் குறியீடு இருக்கும். வெளிச்சத்தில் வெளுக்கும் நிறமி அது, மெல்லிய வாஷாகப் போட்டால் இன்னும் சீக்கிரம். அதன் இடத்துக்கு இப்போது பி.வி. 19 வைத்திருக்கிறேன், குயினாக்ரிடோன் என்ற நிறமி வகை. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், குறியீட்டைப் பாருங்கள். குறியீடே போடாத டியூப் பயிற்சிக்கு மட்டும். அவருக்குப் புதிதாக வரைந்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. வெளுத்த பழைய படம் என் வகுப்பில் தொங்குகிறது.

அந்த மாணவி மறுபடி தரங்கம்பாடி போனார், இந்தமுறை நோட்டோடு. கோட்டை வாசல் பக்கம் கூட்டமாம். இடம் மாறி, கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். பக்கம் முழுக்க எழுத்து, படமென்று பார்த்தால் அரைச் சுவரும் ஒரு குடையும்தான். "வரையவே இல்ல சார்" என்று கூச்சத்தோடு நீட்டினார். அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கத்தைத்தான் தாளில் ஏற்றப்போகிறோம்.