கடைசிக் கம்பத்து வீடு

பர்மிய மொழியில் தீயையும் விளக்கையும் மின்சாரத்தையும் 'மீ' என்ற ஒரே சொல் குறிக்கிறது. மின்வெட்டு நீங்கிய நொடியில் தெருவெங்கும் பிள்ளைகள் 'மீ லாபீ' என்று கூவுவதைக் கேட்டு வளர்ந்த பர்மாத் தமிழர்களான நமக்கு, 'மின்சாரம் வந்துவிட்டது' என்று தமிழில் சொன்னால் அந்த மகிழ்ச்சியில் பாதி குறைந்ததுபோல் இருக்கும். பர்மாவின் பெகு நகருக்குக் கிழக்கே நெல்வயல்களுக்கு நடுவில் இருக்கும் என் தாய்மாமன் ஊரில் அந்தக் கூச்சல் ஒரு காலத்தில் நாள்தோறும் மாலை 6 மணிக்குக் கேட்கும். இரவு 10 மணிக்கு ஊர் மறுபடி இருளுக்குப் போய்விடும். அரசின் மின்கம்பி அந்த ஊரை எட்டாத நாட்கள் அவை. ஊரார் வீட்டுக்கு வீடு பணம் போட்டு ஒரு பழைய லாரி எஞ்சினையும் டைனமோவையும் வாங்கி, 'மீ லின் யே கொமிட்டி' என்ற விளக்குக் குழுவை அமைத்து, நெல் உமியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் கிராம மின் கூட்டுறவு என்பது எப்படி இயங்குகிறது என்று விளக்க, எனக்கு அந்த ஊரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அங்கே அது சட்டப்படி பதிவான சங்கமாக இல்லாவிட்டாலும்கூட.

100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமி மிஞ்சும். அதைத் திறந்த வெளியில் கொளுத்தினால் வெப்பமும் சாம்பலும்தான் கிடைக்கும். ஆனால் உயரமான இரும்புக் கலத்தில் கொட்டி, முழுதாக எரியப் போதாத அளவுக்கு மட்டும் காற்றை உள்ளே விட்டால், உமி பாதி எரிந்து பாதி வெந்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சிறிது மீத்தேனும் கலந்த ஒரு வாயுவாக மாறுகிறது. காற்றோடு வந்த நைட்ரஜன் அதில் ஏறத்தாழ பாதி இடத்தை அடைத்துக்கொள்வதால் அது வீரியம் குறைந்த வாயுதான். ஆனாலும் எஞ்சினைச் சுழற்றப் போதும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றரை முதல் 2 கிலோ வரை உமி செலவாகும். வாயுவோடு சேர்ந்து வரும் தார் எஞ்சினின் வால்வுகளில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அதைத் தண்ணீரால் கழுவி, உமியும் துணியும் அடைத்த வடிகட்டிகளில் செலுத்தித்தான் எஞ்சினுக்கு விடுவார்கள். அப்படிக் கழுவிய கறுப்புத் தண்ணீர் நெல் அரைக்கும் மில்லுக்குப் பின்னால் ஒரு குழியில் தேங்கி நிற்கும். அதன் காரமான நாற்றத்தைப் பற்றிக் குழுக் கூட்டங்களில் எவரும் வாய் திறக்கவில்லை என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். விளக்கு எரிந்ததற்கு அந்தக் குழியும் ஒரு விலை.

யார் வீட்டிலும் மீட்டர் கிடையாது. 2 அடி டியூப்லைட்டுக்கு மாதம் இவ்வளவு, தொலைக்காட்சிப் பெட்டிக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்து, கோவில் மண்டபத்தில் ஒரு நீண்ட நோட்டில் பெயரெழுதி வசூலித்தார்கள். இந்த ஏற்பாட்டின் ஓட்டை முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு விளக்குக்குப் பணம் கட்டிவிட்டு இரண்டு விளக்குகளை எரித்தவர்களைக் குழுவுக்கு முன்பே கடைசித் தெருக்காரர்கள் கண்டுபிடித்தார்கள், ஏனெனில் அங்கே வெளிச்சம் மங்கியது.

அது ஏன் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. 50 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள அலுமினியக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.6 ஓம் மின்தடை உண்டு. மின்னோட்டம் ஒரு கம்பியில் போய் இன்னொரு கம்பியில் திரும்புவதால் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு 1.2 ஓம் ஆகிறது. கம்பியின் கோடியில் 100 வீடுகள் இருந்து, வீட்டுக்கு 90 வாட் எடுத்தால், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 40 ஆம்பியர் ஓடும். 40-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 48 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. கடைசிக் கம்பத்து வீட்டுக்குக் கிடைப்பது 182 வோல்ட்தான். டியூப்லைட் கண் சிமிட்டும், பற்றாது.

வசதியுள்ளவர்கள் அப்போது மின்னழுத்தத்தை உயர்த்தும் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பர்மாவில் இந்தப் பெட்டியைப் பார்க்காத கண் இல்லை. ஆனால் அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. குறைந்த அழுத்தத்தில் கூடுதல் ஆம்பியரை இழுத்து, அதை உயர்ந்த அழுத்தமாக மாற்றித் தருகிறது. கூடுதல் ஆம்பியர் ஓடினால் கம்பியில் இழப்பும் கூடும், பெட்டி இல்லாத பக்கத்து வீட்டு விளக்கு இன்னும் மங்கும். அவரும் கடன் வாங்கி ஒரு பெட்டி வாங்குவார். மின்கம்பியில் அண்டை வீட்டாரைத் தொடாத தனிச்சுகம் என்று ஒன்று இல்லை. கூட்டுறவு என்ற அமைப்பு மின்சாரத்துக்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதற்கு, யாருடைய நல்ல மனமும் அல்ல, இந்த மின்தடைக் கணக்கே அடிப்படைக் காரணம் என்பது என் எண்ணம்.

இந்த அமைப்பு பெரிய அளவில் வேரூன்றிய இடம் அமெரிக்கா. 1930-களின் நடுவில் அங்கே நகரத்து வீடுகளில் ஏறத்தாழ 10-இல் 9 வீடுகளுக்கு மின்சாரம் இருந்தது; பண்ணைகளிலோ ஏறத்தாழ 10-இல் ஒன்றுக்குத்தான் இருந்தது. காரணம் தூரம். ஒரு மைல் கம்பி இழுக்க நகரத்திலும் கிராமத்திலும் செலவு உண்டு, ஆனால் நகரத்தில் அந்த மைலில் பல வீடுகள் கட்டணம் கட்டும், கிராமத்தில் இரண்டோ மூன்றோ பண்ணைகள்தான். லாபம் பார்க்கும் கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதிபர் ரூஸ்வெல்ட் 1935 மே மாதத்தில் கிராம மின்மயமாக்கல் நிர்வாகத்தை ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டு சட்டமும் வந்தது. அரசு தானே கம்பி இழுக்காமல், விவசாயிகள் சேர்ந்து அமைத்த சங்கங்களுக்கு நீண்ட காலக் கடன் கொடுத்தது. 1944-இல் அந்தக் கடனுக்கு வட்டி 2 சதவீதம், தவணை 35 ஆண்டுகள் என்று ஆனது. 1950-களின் நடுவில் 10-இல் 9 பண்ணைகளுக்கு மின்சாரம் கிடைத்திருந்தது. இன்று ஏறத்தாழ 900 சங்கங்கள் இருக்கின்றன. இப்போதும் மைலுக்கு ஏறத்தாழ 8 வாடிக்கையாளர்கள்தான்.

அந்தச் சங்கங்களின் வெற்றியில் கடனுக்கு இருந்த அளவு பங்கு பொறியியலுக்கும் உண்டு. ஊருக்கு ஒரு பெரிய டிரான்ஸ்பார்மரை வைத்துக் குறைந்த அழுத்தக் கம்பியை நீளமாக இழுக்காமல், 7,200 வோல்ட் கம்பியைப் பண்ணை வாசல் வரை கொண்டுபோய், அங்கே ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரைக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். அழுத்தத்தை 10 மடங்கு உயர்த்தினால் அதே மின்திறனுக்கு ஆம்பியர் 10-இல் ஒரு பங்காகும், கம்பியில் வீணாவதோ 100-இல் ஒரு பங்காகிவிடும். அதனால் மெல்லிய, வலுவான கம்பி போதும். கம்பங்களையும் தள்ளித் தள்ளி நடலாம். ஆரம்ப நாட்களில் பல சங்கங்களில் உறுப்பினர்களே தங்கள் மீட்டரைப் பார்த்துக் கணக்கெழுதி அனுப்பி ஆள்கூலியையும் மிச்சப்படுத்தினார்கள்.

நிர்வாகம் இரண்டு விதிகளில் நிற்கிறது. எத்தனை யூனிட் எரித்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு; 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர் தொடங்கிய கடைச் சங்கத்தின் மரபிலிருந்து வந்த வழக்கம் இது. இரண்டாவது, ஆண்டு முடிவில் செலவு போக மிஞ்சும் பணம் லாபமாகப் பிரிவதில்லை. அவரவர் வாங்கிய மின்சாரத்தின் விகிதப்படி அது உறுப்பினர் பெயரில் மூலதன வரவாக எழுதப்படுகிறது. சங்கம் அந்தப் பணத்தைப் பல ஆண்டுகள் கம்பத்துக்கும் கம்பிக்கும் பயன்படுத்திவிட்டுப் பிறகு திருப்பித் தருகிறது. அதாவது, மாதக் கட்டணம் கட்டும்போதே உறுப்பினர் தம் சங்கத்துக்குக் கொஞ்சம் கடனும் கொடுக்கிறார்.

கூட்டுறவு என்ற சொல் பர்மாவுக்குப் புதிதல்ல. இந்தியாவின் ஒரு மாகாணமாக அது இருந்தபோதே 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இங்கேயும் வந்தது. செட்டியார் கிட்டங்கி எனும் வட்டிக்கடையிடமிருந்து விவசாயியை மீட்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அது நடக்கவில்லை. 1930-களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு செட்டியார் கைக்குப் போயிருந்தது. நம் முன்னோர்களில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர்களும் உண்டு, அந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்களும் உண்டு. ஆகவே இதை நாம் இரு பக்கமும் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பின்னாளில் அரசின் 11,000 வோல்ட் கம்பி மாமன் ஊரை நெருங்கியபோது, பர்மியர் 'கோ தூ கோ தா' என்று சொல்லும் சொந்த முயற்சி முறையில், கம்பமும் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் ஊரார் பணத்திலேயே வாங்கப்பட்டன. இணைப்பு வந்ததும் அவை அரசின் சொத்தாகிவிட்டன. யூனிட் விலை உமி மின்சாரத்தைவிட மிகக் குறைவு, 10 மணிக்கு அணைக்க வேண்டியதும் இல்லை என்பதால் யாரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் ஃப்யூஸ் போனால் அதை மாற்ற வெளியிலிருந்து ஆள் வரவேண்டும், வரும் நாள் தெரியாது. பணம் போடுவது வேறு, உரிமை வேறு என்பது ஒரு ஃப்யூஸ் கம்பியில் தெரிந்தது. பின்பு வந்த சூரிய மின் சிறு வலையமைப்புத் திட்டத்தில் அரசு 60 சதவீதம், அமைக்கும் நிறுவனம் 20, ஊரார் 20 என்று செலவைப் பிரித்தார்கள். அங்கே ஊராரின் 20-க்கு எவ்வளவு சொல் இருக்கிறது என்பதை ஒப்பந்தத் தாள்தான் தீர்மானிக்கிறது.

உமி நாட்களின் கடைசித் தெருவுக்குத் திரும்புகிறேன். டைனமோ மூன்று ஃபேஸ் கொண்டது, அதாவது மின்சாரத்தை மூன்று தனி வழிகளில் தருவது. ஆனால் சிக்கனம் கருதி அந்தத் தெருவுக்கு ஒரு ஃபேஸ் கம்பியும், மின்னோட்டம் திரும்பிவர ஒரு நியூட்ரல் கம்பியும் மட்டுமே இழுத்திருந்தார்கள். மேலும் இரண்டு கம்பிகளை இழுத்து வீடுகளை மூன்று ஃபேஸ்களுக்கும் சமமாகப் பிரித்தால், ஒவ்வொன்றிலும் 40-க்குப் பதில் 13 ஆம்பியர் சொச்சம்தான் ஓடும். மூன்று ஃபேஸ்களின் அலைகளும் ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு சுற்று தள்ளி வருவதால், திரும்பும் மின்னோட்டங்கள் நியூட்ரலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். திரும்பும் வழியில் இழப்பே இராது. 13.3-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 8 வோல்ட். 48 வோல்ட் இழப்பு 8 ஆகக் குறையும்.

கம்பிக்கு யார் பணம் கொடுப்பது என்பதில் கூட்டம் இழுத்தது. எங்களுக்கு வெளிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள் மில் பக்கத்து வீட்டார். 'ஒருத்தர் அவல் கொண்டுவர, ஒருத்தர் உமி கொண்டுவர, கலந்து ஊதித் தின்னலாம் என்பது இதுதான் போலிருக்கிறது' என்று மாமா சொல்ல, உமியை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த மில்காரரே முதலில் சிரித்தார். முடிவில் செலவைத் தெருவாரியாகப் பிரிக்காமல் ஊர் முழுவதற்கும் விளக்கு எண்ணிக்கைப்படி போட்டார்கள். கம்பி இழுத்து முடித்த மாலையில் கடைசிக் கம்பத்து வீட்டுத் திண்ணையில் எலக்ட்ரீசியன் வோல்ட் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்தார். முள் 220-ஐத் தாண்டி நின்றது.