'காரணங்களுக்காக' என்னும் பிழை

'பாதுகாப்புக் காரணங்களுக்காக வாயில் மூடப்பட்டுள்ளது.' 'சொந்தக் காரணங்களுக்காகப் பதவி விலகினார்.' 'தொழில்நுட்பக் காரணங்களுக்காக ஒளிபரப்பு நிறுத்தப்படுகிறது.' செய்தித்தாளைப் புரட்டினாலும் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலும் இந்தக் 'காரணங்களுக்காக' கண்ணில் படாத நாள் இல்லை. யாரோ ஒருவர் எழுதினால் கைப்பிழை என்று கடந்துவிடலாம். எல்லாரும் எழுதுகிறார்கள், திருத்த வேண்டியவர்களும் எழுதுகிறார்கள்.

காரணத்துக்காக எவராவது எதையாவது செய்ய முடியுமா? காரணம் செயலுக்கு முன்னால் இருப்பது. அதிலிருந்து செயல் பிறக்கிறது. '-க்காக' என்பதோ செயலுக்குப் பின்னால் கிடைக்கப்போவதைச் சுட்டுவது. படிப்புக்காக ஊர் மாறுகிறோம், குழந்தைக்காக உழைக்கிறோம். காரணத்தால்தான் செய்யலாம், நோக்கத்துக்காகத்தான் செய்யலாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் 'பசிக்காக அழுதது குழந்தை' என்பதுபோல் ஆகிறது. அப்படி எழுதக் கூசுகிறவர்கள் 'பசி என்னும் காரணத்துக்காக' என்று மட்டும் கூசாமல் எழுதுவது ஏன்?

இது எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை. ஆங்கிலத்தில் 'ஃபார் செக்யூரிட்டி ரீசன்ஸ்' என்பார்கள். 'ஃபார்' அந்த மொழியில் நோக்கத்துக்கும் வரும், காரணத்துக்கும் வரும். நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கிடைத்த '-க்காக'வை எடுத்து ஒட்டினார். ஒட்டியது ஒட்டியபடியே நின்றுவிட்டது.

சொல்வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 'காரணம்' வடசொல், செய்தல் என்று பொருள்படும் 'க்ரு' என்ற வேரில் பிறந்தது, 'காரியம்' அதன் உடன்பிறப்பு. காரணம் என்ற பொருளில் நம் இலக்கண நூல்கள் ஆளும் 'ஏது'வும் 'ஹேது' என்ற வடசொல்லின் தமிழ் வடிவமே. ஆங்கிலப் பக்கம் போனால், 'ரீசன்' என்பது கணக்கிடுதலைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'பிகாஸ்' என்பது 'பை', 'காஸ்' என்ற இரு சொற்கள் இணைந்தது. 'டியூ' என்றால் கடனாகத் தரவேண்டியது. 'டியூ டு' என்பதைக் கண்ட இடமெல்லாம் 'மழையால்' என்ற பொருளில் வினையோடு சேர்த்து எழுதுவதை 1926-இல் வெளிவந்த ஃபவுலரின் ஆங்கில வழக்கு அகராதி கண்டித்தது. அவர்களுக்குள்ளேயே தீராத வழக்குகளைத்தான் நாம் கண்ணை மூடிக்கொண்டு இறக்குமதி செய்கிறோம்.

தமிழில் காரணம் சொல்லத் தனிச்சொல்லே பெரும்பாலும் வேண்டியதில்லை. பெயரோடு ஒட்டும் 'ஆல்', 'இன்' போன்ற வேற்றுமை உருபு போதும். 'தீயவை தீய பயத்தலால் தீயவை தீயினும் அஞ்சப் படும்' என்ற குறளில் 'பயத்தலால்' என்ற ஒரு சொல் காரணம் முழுவதையும் சுமக்கிறது. ஏதுப் பொருள் மூன்றாம் வேற்றுமையிலும் ஐந்தாம் வேற்றுமையிலும் வரும் என்பது தொல்காப்பியம். பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல், ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள் தருகிறது. 'மலையின் வீழ் அருவி' நீங்கல். 'கல்வியில் பெரியன் கம்பன்' ஏது. ஒன்று எங்கிருந்து புறப்படுகிறது என்பதும் எதனால் ஆகிறது என்பதும் பழந்தமிழில் ஒரே உருபுக்குள் அடங்கியிருந்தன. 'யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்' என்ற குறளில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன: 'யாதனின் நீங்கியான்' என்பதில் பிரிவு, 'அதனின் நோதல்' என்பதில் துன்பத்தின் காரணம். இத்தனை நுட்பம் கையில் இருக்கிறது.

'கு' என்ற உருபு வரும் நான்காம் வேற்றுமைக்கு வருவோம், ஏனென்றால் '-க்காக'வின் குடும்பம் அதுதான். கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்று நன்னூல் அடுக்குகிறது. அந்தப் பட்டியலில் ஏது இல்லை.

'திருடியதற்காகத் தண்டித்தார்கள் என்கிறோமே, உதவியதற்காக நன்றி என்கிறோமே, அங்கே '-க்காக' காரணம்தானே?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. விடையும் நன்னூலிலேயே இருக்கிறது. நான்காம் வேற்றுமையின் பொதுப்பொருள் 'இதற்கு இது'. திருட்டுக்குத் தண்டனை, உதவிக்கு நன்றி, உழைப்புக்குக் கூலி. ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று திருப்பித் தரப்படுகிறது. வாயிலை மூடுவது எந்தக் காரணத்துக்கு ஈடாகத் தரப்படுகிறது? அந்த உறவே அங்கு இல்லை. தவிர, 'திருடியதற்காக' என்னும்போது உருபு திருட்டின்மேல் ஏறுகிறது. 'காரணம்' என்ற சொல்லின்மேல் ஏறவில்லை. 'ஏழை என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கினார்கள்' என்று உருக்கமாக எழுதுகிறோம். 'ஏழை என்பதாலேயே ஒதுக்கினார்கள்' என்று எழுதிப் பாருங்கள். உருக்கம் குறையவில்லை, கூடுகிறது.

இதில் தனித்தமிழ் ஆர்வலர் சிலர் செய்யும் திருத்தம்தான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 'காரணம்' வடசொல் என்று நீக்கிவிட்டுக் 'கரணியம்' என்கிறார்கள். சொல்லாக்கத்தில் எனக்குப் பகை இல்லை, வேண்டியவர் ஆளட்டும். ஆனால் அதே கையால் 'பாதுகாப்புக் கரணியங்களுக்காக' என்று எழுதினால் எதைத் தூய்மை செய்தோம்? சொல் தமிழாகிறது, வாக்கியம் ஆங்கிலமாகவே கிடக்கிறது. வடசொல் கலந்த 'பாதுகாப்புக் காரணங்களால்' என்ற தொடர் இதைவிடப் பலமடங்கு தமிழ். மொழியின் உயிர் அதன் உருபுகளிலும் வினைமுடிபுகளிலும் இருக்கிறது. பெயர்ச்சொற்களை மட்டும் மாற்றிவிட்டு உருபைப் பிறமொழிக்குக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? தமிழ்ச்சொல்லே வேண்டும் என்போருக்கு வள்ளுவரே 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்று 'முதல்' என்பதைத் தந்திருக்கிறார். காரணம், தோற்றுவாய் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சொல் அது. அதை மீட்டெடுக்க ஏன் ஒருவரும் முயல்வதில்லை?

'காரணங்களுக்காக' பொருளையும் குழப்புகிறது. 'மருத்துவக் காரணங்களுக்காக வெளிநாடு சென்றார்' என்றால் என்ன? சிகிச்சைக்காகப் போனாரா? உடல்நலக் குறைவால் வேலையை விட்டுவிட்டு ஓய்வெடுக்கப் போனாரா? முன்னது நோக்கம், பின்னது காரணம். எழுதியவர் யோசித்திருந்தால் 'சிகிச்சைக்காக' அல்லது 'உடல்நலக் குறைவால்' என்று எழுதியிருப்பார். 'பாதுகாப்பு' என்பதும் நோக்கமே. ஆகவே 'பாதுகாப்புக்காக வாயில் மூடப்பட்டுள்ளது' என்றோ 'பாதுகாப்புக் கருதி' என்றோ எழுதினால் முடிந்தது. தொழில்நுட்பம் நோக்கம் இல்லை. அங்கே 'தொழில்நுட்பக் கோளாறால்' என்று கோளாறைக் கோளாறு என்றே சொல்லலாம். சொந்த விஷயத்தை வெளியே சொல்ல விரும்பாதவர் 'சொந்தக் காரணங்களால்' விலகட்டும்.

'காரணமாக' என்பதை நான் ஒதுக்கவில்லை. '-ஆல்' செய்பவரையும் குறிக்கும், இயலுமையையும் குறிக்கும். 'அவரால் எழுதப்பட்டது', 'அவரால் முடியும்' என்கிறோம். ஆகவே ஆளின் பெயரோடு காரணம் சொல்லும்போது 'அவர் காரணமாக' என்பது தெளிவு தரும் இடங்கள் உண்டு. 'மழை காரணமாக' என்பதற்கோ அந்தத் தேவை இல்லை. 'மழையால்' இருக்கிறது.

தோற்றத்தைக் குறிக்கும் 'ஃப்ரம்' இன்னொரு தொல்லை. 'இலிருந்து' என்பதில் 'இருந்து' என்ற வினையெச்சம் இன்னும் உயிரோடு இருக்கிறது: ஓரிடத்தில் இருந்து, பின் அகல்வது. அதனால்தான் 'காய்ச்சலிலிருந்து மீண்டார்' என்பது சரி. 'காய்ச்சலிலிருந்து அவதிப்படுகிறார்', 'காயத்திலிருந்து இறந்தார்' என்பவை தவறு. அவதிப்படுபவர் காய்ச்சலை விட்டு அகலவே இல்லையே! இயந்திர மொழிபெயர்ப்பில் இப்படி வருவதைப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த வாக்கியங்களை எழுதியவர்கள் மனிதர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆங்கிலம் 'மேட் ஆஃப்', 'மேட் ஃப்ரம்' என்று பிரிப்பதைக்கூட நாம் இயல்பாகவே பிரிக்கிறோம். மரம் மரமாகவே தெரிந்தால் 'மரத்தாலான மேசை'. உருமாறிவிட்டால் 'மரத்திலிருந்து தாள்'.

கடைசியாக 'ஏனெனில்'. இது நல்ல சொல். 'ஏன் எனக் கேட்டால்' என்பதன் சுருக்கம். பழைய உரையாசிரியர்களின் 'என்னையெனின்' இதற்கு மூத்தது. 'பிகாஸ்' வரும் இடமெல்லாம் இதைப் போட்டு, வாக்கியத்தின் முடிவில் 'என்பதால்' என்பதையும் சேர்ப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை: 'அவர் வரவில்லை, ஏனெனில் அவருக்கு உடல்நலம் சரியில்லை என்பதால்.' ஒரே காரணத்துக்கு இரண்டு குறிகள். 'உடல்நலம் சரியில்லாததால் அவர் வரவில்லை' என்று காரணத்தை முன்வைத்து, வினையில் முடிப்பதே தமிழ் வாக்கியத்தின் இயல்பான நடை. 'பின்வரும் காரணங்களுக்காக உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது' என்று கடிதம் எழுதும் அலுவலர்கள் '-க்காக'வை எடுத்துவிட்டு 'காரணங்களால்' என்று போட ஓர் எழுத்துகூட அதிகம் செலவாகாது.