சுண்டுவிரலா, கட்டைவிரலா?

கம்பத்தில் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு, ஏலக்காய் எடுப்பு மும்முரமான மாதங்களில் பொழுது சாய்ந்த பிறகுதான் கூட்டம். கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கித் தோட்டங்களுக்கு விடிகாலையில் ஜீப் ஏறிப் போனவர்கள் திரும்பும் நேரம் அது. முன்பு இடுப்பு வலி என்று வருவார்கள். இப்போது, "கை மரத்துப் போகுது தம்பி."

அப்படி வந்த ஓர் அக்காவுக்கு நடுராத்திரியில் கை எறும்பு ஊர்வது போலாகி விழிப்பு வந்துவிடும். எழுந்து உதறினால்தான் அடங்கும். குமுளியில் தன்வந்தரம் குழம்பு என்ற ஆயுர்வேதத் தைலம் வாங்கித் தேய்த்தாயிற்று, சத்து ஊசியும் போட்டாயிற்று. எந்த விரல் என்று கேட்டேன். "எல்லா விரலும்தான்" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த முறை மரக்கும்போது ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். சுண்டுவிரலில் மட்டும் ஒன்றுமில்லை என்று வந்து சொன்னார்.

அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நாருக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களோடு மீடியன் நரம்பும் அதற்குள்தான் நெருக்கியடித்துப் போகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி அந்த நரம்பைச் சேர்ந்தது. மணிக்கட்டை மடக்கினால் உள்ளே அழுத்தம் கூடும். இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, மணிக்கட்டை மடித்து வைக்கச் சொன்னேன். ஒரு நிமிடம் ஆவதற்குள் மரத்துவிட்டது.

எந்நேரமும் கையில் இருக்கும் போன்தான் இதற்குக் காரணமா? முழுப் பழியையும் அதன் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. பகலெல்லாம் ஒவ்வொரு காயாகக் கிள்ளும் கை அது. குலுங்கும் ஜீப்பில் போனை இறுக்கிப் பிடித்து, வீட்டில் படுத்தபடி மணிக்கட்டை மடித்து சீரியலும் பார்த்தால் அதற்கு ஓய்வு எப்போது? சர்க்கரை, தைராய்டு கோளாறு, கர்ப்பம் இவற்றிலும் இந்த நரம்பு நசுங்கும். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சர்க்கரை இருந்தது, அன்று வரை அவருக்கே தெரியாது.

ஜீப் ஓட்டும் தம்பி ஒருவருக்குச் சுண்டுவிரல்தான் மரத்தது. அது வேறு நரம்பு. முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீரென்று கரண்ட் அடிக்குமே, அதே இடம். சவாரி பிடிக்க மணிக்கணக்கில் முழங்கையை மடக்கிப் போனைக் காதில் வைத்திருந்தவர், இயர்போனுக்கு மாறியதும் தேவலை என்றார். (வண்டியை நிறுத்திவிட்டுப் பேசு என்றும் சொன்னேன், கேட்டாரா தெரியாது.) கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டோரம் வலி மட்டும் என்றால் பெரும்பாலும் தசைநாண் உறை வீக்கம்.

அக்காவுக்கு, ராத்திரி மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை கொடுத்தேன். போனைத் தலையணையில் சாய்த்து வைத்துப் பார்க்கச் சொன்னேன். பொருள் கைநழுவுவது, கட்டைவிரலின் அடிச்சதை வற்றுவது என்று போய்விட்டால் பட்டை போதாது. நரம்பின் வேகத்தை அளக்கும் பரிசோதனை, சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும். அவ்வளவு தூரம் அவருக்குப் போகவில்லை. ஆறு வாரம் கழித்து வந்தபோது ராத்திரி விழிப்பு நின்றிருந்தது. குறை ஒன்று மட்டும்.

"பட்டையைக் கட்டிட்டுப் படுத்தா போனைப் பிடிக்கவே முடியல தம்பி."