வெர்னாவா, விர்டஸா? பின்சீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய அம்மா. எனக்கு வண்டி ஓட்டுவதில் தீராத ஆசை, அம்மாவுக்கு இடுப்பு வலி. இந்த இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே கார் வேண்டும் என்று தேட ஆரம்பித்தபோது, பேசாமல் ஒரு எஸ்யூவி வாங்கிக்கொள் என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். ஆனால் வளைவில் வண்டி எவ்வளவு சாயும் என்பது அதன் எடை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உயரமான வண்டியைச் சாயாமல் நிறுத்த வேண்டுமென்றால் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்க வேண்டும், கெட்டியாக்கினால் பள்ளத்தில் எல்லோரும் குலுங்குவார்கள். செடானில் அந்தத் தொல்லை பாதி குறைகிறது. அதனால் செடான்தான் என்று முடிவு செய்தேன்.

கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் வெர்னா டர்போ, புனே பக்கம் சாக்கனில் தயாராகும் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி. விர்டஸ் 2022-இல் வந்தது, இந்தத் தலைமுறை வெர்னா 2023-இல். இரண்டிலும் 1.5 லிட்டர் நாலு சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். இரண்டிலும் ஏழு கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கிடைக்கும். டயர் அளவுகூட ஒன்றுதான், 205/55 ஆர்16. டிக்கி வெர்னாவில் 528 லிட்டர், விர்டஸில் 521. அந்த ஏழு லிட்டரில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலைக்கூட ஒழுங்காக வைக்க முடியாது, அதனால் அதைப் பற்றி இனி பேச்சில்லை.

எல்லோரும் சண்டை போடுவது 10 பிஎஸ், அதாவது பத்து குதிரைத்திறன் வித்தியாசத்துக்காக. வெர்னா 160 பிஎஸ், விர்டஸ் 150 பிஎஸ். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ரொம்பச் சின்னக் கணக்குதான். இன்ஜின் தன் தண்டை எவ்வளவு பலமாக முறுக்குகிறது என்பதுதான் டார்க். நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது ஆர்பிஎம். இரண்டையும் பெருக்கி 7024-ஆல் வகுத்தால் அந்த வேகத்தில் கிடைக்கும் பிஎஸ் வந்துவிடும். வெர்னாவின் உச்ச டார்க் 253 நியூட்டன் மீட்டர், விர்டஸ் 250. தேசிய நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது இன்ஜின் 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் சுற்றுகிறது. அந்த இடத்தில் பெடலை முழுதாக அழுத்தினால் வெர்னாவுக்கு 72 பிஎஸ், விர்டஸுக்கு 71 பிஎஸ். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பத்து பிஎஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்றால் 5,000 ஆர்பிஎம்முக்கு மேலே. அம்மா பின்சீட்டில் இருக்கும்போது அந்தப் பக்கம் நான் ஒருமுறைகூடப் போகப்போவதில்லை.

அதைவிட எனக்கு அழகாகத் தெரிந்தது வேறொன்று. பழைய டர்போ இல்லாத இன்ஜின்களில் டார்க் மெல்ல ஏறி, நாலாயிரத்தில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். இந்த இரண்டிலும் ஏறத்தாழ 1,500 முதல் 3,500 வரை மேசைப் பரப்பு மாதிரி தட்டையாக இருக்கிறது. இன்ஜினுக்கு இயல்பாகவே அப்படி வருவதில்லை, வேண்டுமென்றே அப்படி ஆக்குகிறார்கள். வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றி, காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. விட்டால் இன்னும் அதிகமாகத் தள்ளும். ஒரு சின்னக் கதவைத் திறந்து, புகையில் ஒரு பகுதியை டர்போவைச் சுற்றி வெளியே விட்டு, 'இதற்கு மேல் வேண்டாம்' என்று கம்ப்யூட்டர் நிறுத்துகிறது. ஏன் அங்கே நிறுத்துகிறது என்பதற்கு ஒரு தடயம்: விர்டஸில் இருக்கும் அந்த ஏழு கியர் பெட்டி தாங்கக்கூடிய டார்க் 250 நியூட்டன் மீட்டர். இன்ஜினின் உச்ச டார்க்கும் சரியாக 250! ஊட்டி மாதிரி 2,200 மீட்டர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும், டர்போ இல்லாத வண்டி அங்கே மூச்சு வாங்கும். இவற்றில் அந்தக் குறையை டர்போ பெருமளவு ஈடுகட்டிவிடும், ஏனென்றால் தரைமட்டத்தில் அது தன் முழு பலத்தையும் காட்டிவிடுவதில்லை.

விர்டஸ் இன்ஜினில் இன்னொரு வித்தையும் உண்டு. பாரம் குறைவாக, சீரான வேகத்தில் போகும்போது நடுவில் இருக்கும் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்கள் தூங்கப் போய்விடும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டின் மேல் இருக்கும் ஒரு துண்டு நகர்ந்து, அந்த இரண்டின் வால்வுகளையும் மூடியே வைத்துவிடுகிறது. உள்ளே அகப்பட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரிந்துகொண்டிருக்கும், அதனால் வீணாகும் சக்தி குறைவு. மீதி இரண்டு சிலிண்டர்கள் முழு வேலையும் செய்ய வேண்டியிருப்பதால் அவற்றின் காற்றுக் கதவு நன்றாகத் திறக்கிறது, பாதி மூடிய கதவு வழியாகக் காற்றை இழுக்கும் சிரமம் மிச்சமாகிறது. பெட்ரோல் மிச்சமாவது அதில்தான். நகருக்குள் இதனால் பெரிய பலன் இல்லை, நெடுஞ்சாலையில் பொறுமையாக ஓட்டுபவருக்குத்தான்.

கியர் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. டூயல் கிளட்ச் என்றால் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. மூன்றாவதில் போய்க்கொண்டிருக்கும்போதே நாலாவது தயாராக மாட்டப்பட்டுக் காத்திருக்கும், ஒரு கிளட்ச் விடும்போதே மற்றொன்று பிடிக்கும். அதனால்தான் இழுப்பு அறுபடாமல் போகிறது. ஆனால் இரண்டு வண்டிகளிலும் இருப்பது உலர் கிளட்ச், எண்ணெயில் மூழ்கி இருப்பதில்லை. சிக்னலில் ஒவ்வொரு அடியாக ஊர்ந்து போகும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். மேம்பாலச் சரிவில் 40 நியூட்டன் மீட்டரைக் கடத்திக்கொண்டு, 800 ஆர்பிஎம் வித்தியாசத்தில் வழுக்கினால் அதில் பிறக்கும் வெப்பம் 3,300 வாட்டுக்கு மேல். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தாலே 2,000 வாட்தான். அதனால் முன்வண்டி நகர்ந்தவுடன் ஒட்டிக்கொண்டு போகாமல், இரண்டு வண்டி நீளம் இடைவெளி விழும்வரை பிரேக்கில் நின்று, அப்புறம் ஒரேயடியாக நகருங்கள். சரிவில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியை நிறுத்தி வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தினமும் இரண்டு மணி நேரம் நெரிசலில்தான் என்றால் ஆறு கியர் மேனுவலே போதும், இரண்டு நிறுவனங்களும் இந்த இன்ஜினோடு அதைக் கொடுத்திருக்கின்றன.

சரி, இப்போது எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். சஸ்பென்ஷன்.

முதல் டெஸ்ட் டிரைவுக்கு நானும் ஷோரூம் பையனும் மட்டும் போனோம். வெர்னா மெத்தென்று இருந்தது. விர்டஸ் சாலையின் சின்னச் சின்ன ஒட்டுகளைக்கூட உள்ளே சொன்னது, பின்பக்கம் கொஞ்சம் கெட்டி. அம்மாவுக்கு இது ஆகாது என்று அன்றைக்கே விர்டஸை மனதிலிருந்து அழித்துவிட்டேன். அது தவறான முடிவு. ஏன் தவறு என்பதைப் புரிந்துகொள்ள ஸ்பிரிங் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் மேல் நிற்கும் எந்தப் பாரத்துக்கும் இயல்பான ஒரு ஆட்டம் உண்டு. விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது ஸ்பிரிங்கின் கெட்டித்தனத்தைப் பாரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பதைப் பொறுத்தது. விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை என்றால் நம் உடம்புக்கு அது சுகம், ஏறக்குறைய நடக்கும்போது உடம்பு ஏறி இறங்குகிற தாளத்தை ஒட்டியது. நாலிலிருந்து எட்டு முறை என்றால் வயிறும் முதுகெலும்பும் கூடவே அதிரும். மிகவும் மெதுவாக, ஐந்து விநாடிக்கு ஒருமுறை மாதிரி ஆடினால் தலை சுற்றும், குமட்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பதற்கு ஸ்பிரிங்கைவிட ஓட்டுபவர்தான் காரணம், ஒவ்வொரு சில விநாடிக்கும் இடமும் வலமும் தூக்கிப் போட்டு அந்தத் தாளத்தை உண்டாக்குவது நாம்தான்.

இப்போது ஒரு உதாரணக் கணக்கு, எந்தக் குறிப்பிட்ட வண்டியின் அளவும் இல்லை. பின் ஸ்பிரிங்குகள் தாங்கும் எடை காலி வண்டியில் 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் அது விநாடிக்கு 1.5 முறை ஆடுகிறது, மெத்தென்ற ஸ்பிரிங் என்றால் 1.2 முறை. பின்சீட்டில் மூன்று பேரும், டிக்கியில் ஒரு வாரத்துக்கான பைகளும் சேர்ந்து 250 கிலோ ஏறுகிறது. கெட்டி ஸ்பிரிங் வண்டி 6 சென்டிமீட்டர் இறங்கி, ஆட்டம் 1.5-லிருந்து 1.2 ஆகிறது. மெத்தென்ற வண்டி ஒன்பதரை சென்டிமீட்டர் இறங்கி, ஆட்டம் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. அதாவது தனியாக ஓட்டும்போது கெட்டி என்று நான் ஒதுக்கிய வண்டிதான் குடும்பம் முழுவதும் ஏறியபின் சுகமான இடத்துக்கு வந்து நிற்கிறது! மற்றது வேகத்தடையில் வயிறு தட்டும், பாலத்தின் இணைப்பில் குதித்துவிட்டு இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடும்.

அந்த ஊஞ்சலை நிறுத்துவது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெய் சின்ன துளைகள் வழியே திணறிப் போகும்போது அசைவு வெப்பமாக மாறிக் கரைகிறது. பாரம் ஏறும்போது அதே ஷாக்கின் பிடி ஒப்பீட்டளவில் தளர்கிறது, ஆக காலி வண்டியிலேயே 'போதும்' என்கிற அளவில் இருக்கும் ஷாக், ஐந்து பேர் ஏறியதும் போதாது. இதை எழுதும்போதே ஒன்று புரிகிறது, விளையாட்டுத்தனமான கார் வேறு, குடும்பக் கார் வேறு என்று நாம் பிரித்து வைத்திருப்பதில் பாதி, காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதால் வந்த மயக்கம்.

இரண்டாவது முறை எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை. ஷோரூமில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள், பரவாயில்லை. இந்த முறை விர்டஸ் பள்ளத்தில் ஒருமுறை இறங்கி ஏறி அடங்கியது. வெர்னாவும் மோசமில்லை, ஆனால் அதே சாலையில் எண்பதைத் தாண்டியதும் பின்பக்கம் இன்னொரு தடவை அசைந்தது எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு வெர்னாவின் கால் வைக்கும் இடம் பிடித்திருந்தது. ஆனால் குனிந்து ஏறுவதுதான் கஷ்டம் என்றார்கள். வெர்னாவின் கூரை பின்னால் சரிந்து இறங்குகிறது, மொத்த உயரமும் 1,475 மில்லிமீட்டர், விர்டஸ் 1,507. மூன்று சென்டிமீட்டர்தானே என்று காகிதத்தில் தோன்றும், இடுப்பு வலி உள்ளவர்களைக் கேளுங்கள்.

டயரில் ஒரு வார்த்தை. 16 அங்குலச் சக்கரத்தைப் பார்த்து 'சின்னதாக இருக்கிறதே' என்று 17, 18 மாட்டுபவர்கள் உண்டு. 205/55 என்றால் டயரின் பக்கச்சுவர் உயரம் 205 மில்லிமீட்டர் அகலத்தில் 55 சதவீதம், அதாவது 113 மில்லிமீட்டர், அந்த ரப்பரும் காற்றும் சேர்ந்து இன்னொரு ஸ்பிரிங். சாலையைத் தொடும் பரப்போ ஒவ்வொரு டயருக்கும் ஒரு உள்ளங்கை அளவுதான், ஐந்து உயிர்களும் அந்த நாலு உள்ளங்கைகளை நம்பித்தான் வளைவில் திரும்புகிறார்கள். காசைச் செலவழிக்க ஆசை இருந்தால் பெரிய சக்கரத்துக்கு வேண்டாம், அதே அளவில் நல்ல டயருக்குச் செலவழியுங்கள்.

கடைசியாக மோதல் சோதனை. கார்களை மோதவிட்டு மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு 2023-இல் இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. நட்சத்திரத்தோடு நிறுத்திவிடாமல் அறிக்கைக்குள் பார்க்க வேண்டும். மணிக்கு 64 கிலோமீட்டரில் முகப்பின் ஒரு பகுதி மட்டும் படும்படி, நசுங்கக்கூடிய ஒரு தடுப்பில் மோதவிடுகிறார்கள், 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமமான வேகம் அது. மூக்குப் பகுதி மடங்கி அந்தச் சக்தியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆட்கள் உட்காரும் கூடு மட்டும் மடங்கக் கூடாது. விர்டஸின் கூடு உறுதியாக இருந்தது, இன்னும் பாரம் தாங்கும் என்று குறித்தார்கள். வெர்னாவின் கூட்டை நிலையற்றது என்று குறித்தார்கள். மறுபக்கம், வெர்னாவின் உயர் ரகங்களில் ரேடாரும் கேமராவும் வைத்துத் தானே பிரேக் போடும் வசதி உண்டு, மோதலே நடக்காமல் தடுக்கப் பார்ப்பது அது. அறிமுகமானபோது வெர்னா டர்போவின் உயர் ரகத்தில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் இருந்தது, விர்டஸ் ஜிடியில் பின்னால் டிரம். இவற்றை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தனியாக, பெரும்பாலும் நெடுஞ்சாலையில் இருப்பவராக இருந்தால் ஒருவேளை வெர்னாவின் பக்கம் சாய்ந்திருப்பேன். பின்சீட்டில் மூன்று பேர் தூங்கிக்கொண்டு வரும் வண்டி என்பதால் கூட்டுக்கும் சஸ்பென்ஷனுக்கும்தான் என் ஓட்டு. விர்டஸ், மேனுவல்.

எதை வாங்கினாலும் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். பல வண்டிகளில் டயர் காற்றுக்கு இரண்டு எண்கள் போட்டிருக்கும், குறைவான ஆளுக்கு ஒன்று, முழு பாரத்துக்கு ஒன்று. ஊருக்குக் கிளம்பும் நாளில் பங்க்கில் இரண்டாவது எண்ணைச் சொல்லிக் காற்று அடியுங்கள், பின் டயர்களுக்கு முக்கியமாக, அதுவும் காலையில் டயர் சூடாவதற்கு முன்.