பட்ஜி அலகு ஏன் கோணலா வளருது? வெட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

"மேல் அலகு நீண்டு வளைஞ்சு தாடையவே குத்துற மாதிரி ஆயிடுச்சுங்க, நெயில் கட்டர் வச்சு நுனிய லேசா வெட்டி விட்டுடலாமா?" பட்ஜி வளர்க்கிறவங்க அடிக்கடி கேக்கிற கேள்வி இது (நம்ம ஊர்ல லவ் பேர்ட்ஸ்னு சொல்லி விக்கிறதுல பாதிக்கு மேல பட்ஜிதான்). பதிலை முதல்லயே சொல்லிடறேன், வெட்டாதீங்க. வலிக்கும், ரத்தம் வரும்ங்கிறது ஒரு பக்கம். நல்லா இருக்கிற பட்ஜிக்கு அலகு சும்மா நீளாதுங்கிறதுதான் முக்கியமான விஷயம். நீண்டிருக்குன்னா உள்ள வேற எங்கயோ ஏதோ நடக்குது, நுனிய வெட்டிட்டா அதைக் காட்டிக்கொடுத்த ஒரே அடையாளமும் போயிடும்.

அலகு பாக்கத்தான் உயிரில்லாத கொம்பு மாதிரி இருக்கு. உள்ள மண்டை ஓட்டோட சேர்ந்த எலும்பு இருக்கு, அதுக்கு மேல ரத்தக் குழாயும் நரம்பும் நிறைஞ்ச ஒரு மெல்லிய தோல், அந்தத் தோல்ல இருந்து விடாம உருவாகி வெளிய வர்ற கெரட்டின் (நம்ம நகம் எதால ஆனதோ அதே பொருள்) உறைதான் நம்ம கண்ணுக்குத் தெரியுற அலகு. பட்ஜியோட மேல் அலகு மாசத்துக்கு சுமார் 6 மில்லிமீட்டர் வளரும்னு பறவை டாக்டருங்க கணக்கு சொல்றாங்க, மொத்த அலகே ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான்னு வச்சுக்கிட்டா ரெண்டு மூணு மாசத்துல ஒரு முழு அலகு புதுசா வந்துடுதுன்னு அர்த்தம். அப்புறம் ஏன் எல்லா பட்ஜிக்கும் அலகு தரையத் தொடலைன்னா, வளர்ற அளவுக்கு தேயவும் செய்யுது. கிளி இனத்துக்கு மேல் அலகு நெத்திப் பக்கம் ஒரு கீல் மாதிரி மூட்டுல அசையும், நம்மள மாதிரி கீழ்த்தாடை மட்டும் ஆடுற கதை இல்ல, அதனால மேலயும் கீழயும் ஒண்ணோட ஒண்ணு உரசி தானே தீட்டிக்கும். ராத்திரி தூங்கப் போறப்ப நறநறன்னு ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டு பயந்து போய் பல்லைக் கடிக்குது பூச்சி இருக்குமோன்னு கேக்கிறவங்க இருக்காங்க, அது நிம்மதியா இருக்கிற பறவை அலகைத் தேச்சிக்கிற சத்தம், சந்தோஷப்படுங்க.

ஆக நீளம்ங்கிறது வளர்ச்சிக்கும் தேய்மானத்துக்கும் நடுவுல உள்ள கணக்கு. இந்தக் கணக்கு மூணு வழில கெடும். உறை கண்டபடி வேகமா உருவாகணும், இல்ல உருவாகுற இடமே சேதமாகணும், இல்ல மேல் கீழ் அலகு நேருக்கு நேர் பொருந்தாம உரசாமப் போகணும்.

வேகமா உருவாகுறதுக்கு பெரிய காரணம் லிவர். லிவருக்கும் மூக்குக்கும் என்னய்யா சம்பந்தம்னு தோணும். கொழுப்பு படிஞ்சு லிவர் கெட்டுப்போன பறவைக்கு கெரட்டின் ஒழுங்கான தரத்துல வர்றதில்ல, அலகு மெத்துன்னு செதில் செதிலா மளமளன்னு நீளும், நகமும் கூடவே வளையும். இதுல ஒரு நல்ல துப்பு இருக்கு. ரத்தம் உறையறதுக்குத் தேவையான புரதங்களைச் செய்யுறதும் லிவர்தான், அது படுத்துடுச்சுன்னா சின்ன இடிக்கே உள்ள ரத்தம் கசியும், அது அலகுலயும் நகத்துலயும் கருப்பா பழுப்பா சின்னச் சின்னப் புள்ளியாத் தெரியும். நீண்ட அலகு, அதுல கருப்புப் புள்ளி, வயிறு உப்பல், கொஞ்சம் பறந்தாலே மூச்சு வாங்குது, இது எல்லாம் சேர்ந்திருந்தா அலகைப் பத்தி யோசிக்கறதை விட்டுட்டு லிவர் டெஸ்டுக்கு போங்க.

லிவர் ஏன் கெடுதுன்னா சாப்பாடுதான், வேற யாரையும் குத்தம் சொல்ல முடியாது. பட்ஜியோட சொந்த ஊர் ஆஸ்திரேலியாவோட வறண்ட உள்நாடு, 1840ல ஜான் கூல்ட் உயிரோட இங்கிலாந்துக்கு கொண்டு வந்ததுல இருந்துதான் உலகம் பூரா கூண்டுக்குள்ள போச்சு. அங்க அது தண்ணியும் புல் விதையும் தேடி கூட்டம் கூட்டமா எவ்வளவோ தூரம் பறக்கும், பால் பிடிச்ச பச்சை விதையில இருந்து காஞ்ச விதை வரைக்கும் என்ன கிடைக்குதோ தின்னும். நம்ம வீட்ல ஒன்றரை அடி கூண்டு, வருஷம் முழுக்க காஞ்ச தினை, ஆசைக்கு சூரியகாந்தி விதை. தினைல கொழுப்பு 4 சதவீதம் பக்கம்தான், சூரியகாந்திப் பருப்புல பாதியளவு கொழுப்பு, 35 கிராம் எடையுள்ள ஒரு உயிருக்கு அது தினமும் கொடுக்கிற சாப்பாடே இல்ல. சரி தினை மட்டும் கொடுத்தா ஓகேவான்னா அதுவும் இல்ல, காஞ்ச தானியத்துல வைட்டமின் ஏ, கால்சியம், அயோடின் மூணுமே கம்மி, பட்ஜிக்கு வர்ற வியாதில பலதும் இந்த மூணுல ஏதாவது ஒண்ணுல போய்தான் முடியும்.

அடுத்தது பூச்சி. இதை ஒரு தடவை பாத்தா மறக்க மாட்டீங்க. மூக்கு ஓட்டை இருக்கிற அந்த சதைப் பகுதி, வாய் ஓரம், சில சமயம் கண் இமை, காலு எல்லாம் வெள்ளையா சாம்பலா பூத்துப்போய், உத்துப் பாத்தா தேன்கூடு மாதிரி குட்டிக் குட்டி ஓட்டையா இருக்கும். நெமிடோகாப்டிஸ்ங்கிற கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேன் தோலுக்குள்ள சுரங்கம் தோண்டி, முட்டை குஞ்சுன்னு வாழ்நாள் முழுக்க அந்தப் பறவை மேலயே குடித்தனம் நடத்துறதால வர்றது. பெரும்பாலும் குஞ்சா கூட்டுல இருக்கும்போதே தாய்கிட்ட இருந்து ஒட்டிக்கிட்டு வந்து, மாசக்கணக்குல சும்மா கிடந்துட்டு, பறவைக்கு எதிர்ப்பு சக்தி குறையும்போது தலை தூக்கும். நமக்கு ஒட்டாது, பயப்பட வேணாம். ஆனா ஆரம்பத்துலயே கவனிக்கலைன்னா சுரங்கம் அலகு உருவாகுற அடித்தோல் வரைக்கும் போயிடும், அப்புறம் பூச்சி செத்தாலும் அலகு கோணலாவே வளரும்.

இதுக்கு மருந்து ஐவர்மெக்டின், நல்லா வேலை செய்யும், 10 நாள் 14 நாள் இடைவெளில திரும்பக் கொடுக்கணும். ஆனா இங்கதான் நிறைய பறவை செத்துப் போகுது. மாட்டுக்குப் போடுற 1 சதவீத ஊசி மருந்தை வாங்கி ஒரு சொட்டு வாய்ல விடுன்னு யாராவது சொல்லுவாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், 35 கிராம் பறவைக்கு 0.007 மில்லிகிராம். அந்த மருந்துல ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கு, ஒரு சொட்டு 0.05 மில்லின்னு வச்சா அதுல அரை மில்லிகிராம், அதாவது தேவையானதைப் போல 70 மடங்கு. டாக்டர் அதை நீர்க்க வச்சு, எடை போட்டுத்தான் கொடுப்பார். மண்ணெண்ணெய் தடவுறது, வண்டி ஆயில் தடவுறது எல்லாம் தயவு செஞ்சு வேணாம், பறவை அலகால இறகைக் கோதும், தடவினது எல்லாம் நேரா வயித்துக்குத்தான் போகும்.

மூணாவது, அலகு பொருந்தாமப் போறது. மேல் அலகு ஒரு பக்கம் கீழ் அலகு ஒரு பக்கம்னு கத்தரிக்கோல் மாதிரி நிக்கும், இல்லேன்னா மேல் அலகு கீழ் அலகுக்கு உள்ள போய் மாட்டிக்கும். ரெண்டாவது வகை பெரும்பாலும் குஞ்சுப் பருவத்துல வர்றது, நம்ம ஊர்ல மண் பானைலதான முட்டை வைக்க விடுறோம், பானைய சுத்தம் பண்ணாம விட்டா தாய் ஊட்டுற இரையும் எச்சமும் குஞ்சோட மேல் அலகுக்குள்ள அப்பி காஞ்சு கட்டியாகி, எலும்பு இளசா இருக்கும்போதே வடிவத்தை மாத்திடும். தினம் பானைக்குள்ள ஒரு தடவை எட்டிப் பாத்து ஈரக் குச்சியால எடுத்து விட்டா போதும், ஆனா எட்டிப் பாத்தா தாய் முட்டைய ஒதுக்கிடும்னு பயந்துக்கிட்டு யாரும் செய்யறதில்ல. பழகின ஜோடி அப்படியெல்லாம் ஒதுக்காது. வளர்ந்த பறவைக்கு கோணல் வந்துடுச்சுன்னா வாழ்நாள் முழுக்க அப்பப்ப டாக்டர்கிட்ட போய் சரி பண்ணணும், அவங்க மின் அரம் வச்சு தேய்ப்பாங்க. நெயில் கட்டர்ல வெட்டினா நெடுக்க விரிசல் விடும், நுனிக்குள்ள ரத்தக் குழாய் வேற, 35 கிராம் பறவைக்கு உடம்புல இருக்கிற மொத்த ரத்தமே மூணு மில்லி அளவுதான், சில சொட்டு போனாலே பெரிய விஷயம்.

அலகுக்கு மேல இருக்கிற அந்த சதைப் பகுதிய இன்னொரு தடவை பாருங்க. ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு வெளிர் பழுப்பு இல்ல நல்ல பழுப்பு, இது எல்லாருக்கும் தெரியும் (முழு மஞ்சள், முழு வெள்ளை ஆணுக்கு இளஞ்சிவப்பாவே இருக்கும், அதைப் பெண்ணுன்னு வித்துட்டுப் போயிடுவாங்க). பெண்ணுக்கு அது கெட்டியாகி அடுக்கு அடுக்கா பொருக்கு கட்டுறது ஹார்மோனால, பெருசா கவலை இல்ல, மூக்கு ஓட்டை அடைக்காம இருந்தா சரி. ஆனா வருஷக்கணக்கா நீலமா இருந்த ஆணுக்கு பழுப்பாக ஆரம்பிச்சா அது சாதாரணமில்ல. விதைப்பைல வர்ற ஒரு வகைக் கட்டி பெண் ஹார்மோனைச் சுரக்கும், அதோட வேலைதான் இந்த நிற மாத்தம். இந்தக் கட்டி பெருசாகும்போது நடக்கிறதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமான விஷயம். பறவைக்கு விதைப்பையும் கிட்னியும் முதுகோட ஒட்டி பக்கத்துல பக்கத்துல இருக்கும், காலுக்குப் போற நரம்பு கிட்னிக்கு ஊடாலதான் ஓடுது. கட்டி அழுத்தினதும் ஒரு பக்கக் கால் மட்டும் விழுந்துடும். வீட்ல என்ன நினைப்பாங்க, கம்பியில மாட்டி சுளுக்கிக்கிச்சுன்னு மஞ்சள் பத்துப் போடுவாங்க. அடிபடாமலே ஒரு கால் தொங்கினா வயித்தைப் பாக்கச் சொல்லுங்க.

அயோடின் கம்மியானா தைராய்டு வீங்கும், அது இருக்கிறது கழுத்துக்குக் கீழ நெஞ்சுக்குள்ள நுழையுற இடத்துல, வீங்கினா மூச்சுக்குழாயையும் இரைப் பாதையையும் ஒண்ணா நெருக்கும். மூச்சு விடும்போது கீச் கீச்னு சத்தம் வரும், தின்னது திரும்ப வரும். சளி பிடிச்சிருக்குன்னு நினைச்சு கஷாயம் கொடுத்தா எங்க சரியாகும்.

தின்னது வெளிய வர்றதுன்னதும் ஒண்ணு சொல்லணும். ஆண் பட்ஜி கண்ணாடியப் பாத்து தலைய ஆட்டி ஆட்டி இரையைக் கக்கினா அது காதல், கண்டுக்காதீங்க. தலைய உதறி நாலா பக்கமும் சிதறடிச்சு, உச்சந்தலை இறகெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கிடந்தா அது வாந்தி. ட்ரைக்கோமோனாஸ்ங்கிற ஒற்றைச் செல் உயிரி தீனிப்பைல தங்கினா இப்படி வரும், புறா வளர்க்கிறவங்களுக்கும் இது நல்லா பழக்கமான எதிரி. இன்னொண்ணு, நாள் முழுக்க தீனிக் கிண்ணத்துலயே உக்காந்து தின்னுக்கிட்டே இருக்கும், ஆனா நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்தி நிக்கும், எச்சத்துல முழுத் தினை அப்படியே வரும். ரொம்ப வருஷம் இந்த வியாதியக் கொண்டு வர்ற கிருமியப் பெரிய பாக்டீரியான்னு நினைச்சு ஆன்ட்டிபயாடிக் கொடுத்து ஏமாந்தாங்க, அது ஈஸ்ட் வகைப் பூஞ்சைன்னு 2003லதான் உறுதியாச்சு, அதனால அதுக்கு பூஞ்சை மருந்துதான் வேலை செய்யும்.

கடைல ஒரு மஞ்சள் பவுடர் கொடுப்பாங்க பாருங்க, தண்ணில கலக்கி வைன்னு, எதுக்கெடுத்தாலும் அதான். பட்ஜி வறண்ட நாட்டுப் பறவை, ஒரு நாளைக்கு சில மில்லிதான் குடிக்கும், தண்ணி கசந்தா அதையும் குறைச்சுக்கும், அப்ப மருந்து எவ்வளவு உள்ள போச்சுன்னு யாருக்குத் தெரியும். அந்தப் பவுடர் டெட்ராசைக்ளின்ங்கிற ஆன்ட்டிபயாடிக் வகையா இருந்து கூண்டுல கால்சியம் கட்டியும் தொங்குச்சுன்னா, கால்சியம் மருந்தை வயித்துலயே பிடிச்சு வச்சுக்கும்.

அதுக்காக கால்சியத்தை நிறுத்தச் சொல்லல, முட்டை வைக்கிற பெண்ணுக்கு அது இல்லேன்னா முட்டை சிக்கிக்கிட்டு ஒரே நாள்ல போயிடும். நாட்டு மருந்துக் கடைல கடல் நுரைன்னு கேளுங்க, கணவாய் ஓடுதான் அது, கூண்டுல செருகி வைங்க. வைட்டமின் ஏவுக்கு முருங்கைக் கீரை, கொத்தமல்லி, துருவின கேரட். முதல் நாள் தொடாது, ரெண்டு வாரம் தொடாது, விடாம வைங்க, ஆனா தினைய திடீர்னு நிறுத்தினா புதுசு சாப்பாடுன்னே புரியாம பட்டினி கிடக்கும். தினைக் கிண்ணத்தை தினமும் ஊதி விடணும், பட்ஜி தோலை உரிச்சு அதே கிண்ணத்துல போடுறதால மேல பாத்தா நிறைஞ்ச மாதிரி இருக்கும், அடில வெறும் உமி.

மூச்சு விஷயத்துல ஒரே ஒரு எச்சரிக்கை. பறவை நுரையீரல்ல காத்து ஒரே திசைல ஓடிக்கிட்டே இருக்கும், ஆக்சிஜனை நம்மளவிட நல்லா உறிஞ்சும், விஷத்தையும் அதே மாதிரி உறிஞ்சும். நான்ஸ்டிக் தோசைக்கல்லை காலியா அடுப்புல வச்சு மறந்துட்டா டெஃப்லான் பூச்சுல இருந்து வர்ற புகை பக்கத்து ரூம்ல இருக்கிற பட்ஜிய நிமிஷக் கணக்குல கொன்னுடும். கூண்டை சமையலறை பக்கம் வைக்காதீங்க, கொசுவர்த்தி சாம்பிராணிக்கும் தள்ளியே வைங்க.

நமக்கு ஒட்டுற வியாதி ஒண்ணு இருக்கு, சிட்டகோசிஸ். 1929, 1930ல தென் அமெரிக்கால இருந்து கப்பல்ல வந்த கிளிகளால பல நாட்டுல பரவி ஆட்கள் செத்துப்போனது இதாலதான். பறவைக்கு பளிச்சுன்னு பச்சை எச்சம், கண் மூக்குல நீர், சோர்வு. காஞ்ச எச்சத்தோட தூசி நம்ம மூச்சுல போய் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வரும். கூண்டை உலர்வா கூட்டாம தண்ணி தெளிச்சுத் துடைங்க, நீங்க காய்ச்சல்னு போனா டாக்டர்கிட்ட வீட்ல பறவை இருக்குன்னு சொல்லுங்க, டாக்சிசைக்ளின்ல சரியாகிற வியாதிதான், சொல்லலைன்னா வேற நிமோனியான்னு நினைச்சு சுத்தி விடுவாங்க. பறவைக்கு அந்த மருந்து வழக்கமா 45 நாள் வரைக்கும் போகும்.

இரையா இருக்கிற பறவைங்கிறதால பட்ஜி வியாதிய கடைசி வரைக்கும் மறைக்கும், உப்பிக்கிட்டு கூண்டோட தரைல உக்காந்துடுச்சுன்னா ஏற்கனவே லேட். அதனால கிச்சன் தராசுல வாரம் ஒரு தடவை எடை போடுங்க, 35 கிராம் 31 ஆச்சுன்னா வெளிய ஒண்ணும் தெரியலைன்னாலும் கிளம்புங்க. கிளம்புற வரைக்கும் கூண்டோட ஒரு பக்கம் பல்பு வச்சு 30 டிகிரி சூடு கொடுங்க, மறுபக்கம் சூடில்லாம இருக்கட்டும், வேணுங்கிற பக்கம் அதுவே நகர்ந்துக்கும். சென்னைல வேப்பேரி, அந்தப் பக்கம் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலின்னு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கு, பக்கத்துல பறவை பாக்கிற டாக்டர் இல்லேன்னா அங்க கேளுங்க. போறப்ப கூண்டை பளபளன்னு கழுவி எடுத்துட்டுப் போகாதீங்க, அடில விரிச்ச பேப்பர்ல இருக்கிற அன்னைக்கு எச்சத்தைத்தான் டாக்டர் முதல்ல கேப்பார்.