கியூ காய்ச்சல்: அமிலத்தில் குடியிருக்கும் கிருமி

1935-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கு இனம் தெரியாத காய்ச்சல் வந்தது. ஆராய்ந்த எட்வர்ட் டெரிக் அதற்குக் ‘குவெரி’ காய்ச்சல், அதாவது ‘கேள்விக்குறி’ காய்ச்சல் என்று பெயரிட்டார். காக்ஸியெல்லா பர்னெட்டி என்ற பாக்டீரியா பிடிபட்ட பிறகும் ‘குவெரி’யின் முதல் ஆங்கில எழுத்தான ‘கியூ’ ஒட்டிக்கொண்டது.

பொருத்தமான பெயர்தான். காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, சிலருக்கு நிமோனியா, சிலருக்குக் கல்லீரல் அழற்சி. இதில் எதுவுமே இந்த நோயைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே முதல் சோதனை ஒரு கேள்வி: கடந்த இரண்டு மூன்று வாரங்களில் ஆடு, மாடு ஈன்ற இடத்துப் பக்கம் போனீர்களா? நஞ்சுக்கொடியில் மண்டிக் கிடக்கும் கிருமி காய்ந்து, தூசியோடு காற்றில் பறக்கும். ஆட்டைத் தொடாதவருக்கும் வரும்.

சாதாரண ஆய்வகத்தில் இதை வளர்க்க முடியாது. முதல் இரண்டு வாரங்களுக்குள் என்றால் ரத்தத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை உதவும். அப்புறம் கிருமிக்கு எதிராக உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள்களைத்தான் நம்ப வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. விலங்கிடமிருந்து வரும் கிருமி முழு மேலுறையோடு இருக்கும். அது ‘ஃபேஸ் 1’. சிறப்பு ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால் உறை தேய்ந்து ‘ஃபேஸ் 2’ ஆகும். நம் உடலோ முதலில் ஃபேஸ் 2-க்கு எதிராகத்தான் எதிர்ப்பொருள் தயாரிக்கிறது! புதிய நோயில் ஃபேஸ் 2 அளவு மேலே நிற்கும். ஃபேஸ் 1 அதைத் தாண்டி உயர்ந்தால், கிருமி உள்ளே தங்கிவிட்டதோ என்ற சந்தேகம் வரும். ஒரு ரத்த மாதிரி போதாது. மூன்று முதல் ஆறு வாரம் கழித்து இன்னொன்று எடுத்து, அளவு நான்கு மடங்கு கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அதுவரை மருந்துக்குக் காத்திருக்கக் கூடாது. சந்தேகம் வந்ததுமே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மில்லிகிராம், தினம் இருவேளை, 14 நாள். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகக் கோ-டிரைமாக்சசோல் என்ற வேறு மருந்து.

கிருமி இதய வால்வில் போய் உட்கார்ந்துவிட்டால் கதையே வேறு. நம் வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கி, அமிலம் நிறைந்த ஒரு பைக்குள் தள்ளும். மற்ற கிருமிகள் பலவும் அங்கே செத்துப்போகும். காக்ஸியெல்லாவோ அந்தப் புளிப்பில்தான் சுறுசுறுப்பாகிப் பெருகுகிறது. டாக்சிசைக்ளினால் அந்த அமிலத்தில் அதன் வளர்ச்சியைத் தடுக்க முடிகிறதே தவிர, கொல்ல முடிவதில்லை. அதனால் மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினைச் சேர்க்கிறார்கள். அது பைக்குள் போய்ச் சேர்ந்து புளிப்பைக் குறைக்கும். அப்போது டாக்சிசைக்ளின் கொல்லும். இவ்வளவு எளிய யோசனை என்பதுதான் எனக்கு வியப்பு.

ஆனால் நோயாளிக்கு எளிதல்ல. இரண்டு மருந்தும் குறைந்தது 18 மாதம். செயற்கை வால்வு என்றால் 24 மாதம். மருந்தின் பக்கவிளைவாக, வெயில் பட்டால் தோல் எரியும். விழித்திரையை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். கூடவே ரத்தமும் எடுத்து, ஃபேஸ் 1 அளவு இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.